சாப்பாடும் புற்றுநோயும்: எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதை விட்டுத்தள்ளுவது

மலேசியாவின் பினாங்கில் மதியச் சாப்பாட்டு நேரம். நாசி கண்டார் தட்டில் மலைபோல் வெள்ளைச் சோறு, மேலே பொரித்த கோழி, ஓரத்தில் இரண்டு வெண்டைக்காய், மூன்று குழம்பும் கலந்து ஊற்றிய ‘பஞ்சிர்’. பக்கத்தில் ஒரு தே தாரிக். சாப்பிட்டு எழுந்ததும் கடை வாசலில் ஒரு பீடா. இவற்றில் எது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்டது என்று கேட்டால், பெரும்பாலோர் பொரித்த கோழியைக் காட்டுவார்கள். விடை பீடா. அதில் இருக்கும் பாக்கு.

தட்டில் இருப்பதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது வேறு வகை: சோற்றின் அளவு, காய்கறி இல்லாதது, இதே தட்டு வாரத்தில் ஐந்து நாள் வருவது. ஒரு வேளைச் சாப்பாடு புற்றுநோயைக் கொண்டுவருவதில்லை. பத்து, இருபது வருடம் திரும்பத் திரும்ப நடப்பதுதான் கணக்கில் ஏறும்.

‘முதல் பிரிவு’ என்றால் என்ன

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. ஒவ்வொரு பொருளையும் ஆராய்ந்து பிரிவு பிரிப்பது அதன் வேலை. முதல் பிரிவு என்றால் ‘உறுதி’. 2ஏ என்றால் ‘பெரும்பாலும் உண்டு’. 2பி என்றால் ‘இருக்கலாம், ஆதாரம் போதாது’. வாட்ஸ்அப்பில் சுற்றும் பயமுறுத்தல்களில் பாதி இங்கேதான் சறுக்குகின்றன. பிரிவு எண் சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டுமே. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லாது. எறும்பு கடிக்கும் என்பதும் உறுதி, நாகம் கடிக்கும் என்பதும் உறுதி. இரண்டையும் ஒரே வரிசையில் எழுதலாம். கடித்த பிறகு நடப்பது வேறு வேறு.

2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சி முதல் பிரிவில் சேர்ந்தபோது, சிகரெட்டும் சோசேஜும் ஒன்றே என்று தலைப்புகள் வந்தன. அதே நிறுவனம் அப்போது எடுத்துக்காட்டிய மதிப்பீட்டைப் பாருங்கள்: உலகில் ஆண்டுக்குப் பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் ஏற்படும் புற்றுநோய் மரணங்கள் சுமார் 34,000, மதுவால் சுமார் 6 லட்சம், புகையிலையால் சுமார் 10 லட்சம்.

விழுக்காட்டுக் கணக்கிலும் ஒரு வலை இருக்கிறது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 விழுக்காடு கூடுகிறது என்பது உண்மை. இதைக் கேட்டதும் நூற்றில் 18 பேருக்கு வரும் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அப்படி இல்லை. கணக்குக்காக, நூறு பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். 5-இல் 18 விழுக்காடு 0.9. ஆக, தினம் சோசேஜ் சாப்பிடும் நூறு பேரில் ஏறக்குறைய 6 பேர். கூடுவது ஒருவர். ஒருவருக்கு அது சிறியது; மலேசிய ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது பெருங்குடல் புற்றுநோய்தான் என்பதால், நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் சிறியது அல்ல.

பாக்கும் மதுவும்: இங்கே பேரம் கிடையாது

புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு 1985-இலேயே புற்றுநோய்க் காரணி என்று அறிவிக்கப்பட்டது. ‘நான் புகையிலை போடுவதில்லையே’ என்ற சமாதானம் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. 2004-இல் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், தனியாகப் பாக்கும் முதல் பிரிவுக்கு வந்துவிட்டன. மலேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் வாய்ப் புற்றுநோய் விகிதம் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், மற்ற இனத்தவரைவிட மிக அதிகமாக இருந்துவந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பாக்கில் உள்ள அரெகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உட்தசையில் நார்த்திசுவை வளர்க்கிறது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி, செல்களின் மரபணுவைச் சிதைக்கும் பொருள்கள் உருவாக வழிசெய்கிறது. எந்தக் கன்னத்தில் அடக்கி வைக்கிறார்களோ பெரும்பாலும் அந்தக் கன்னத்திலேயே நோய் தொடங்குவது தற்செயல் அல்ல. முதல் அறிகுறி வலி இல்லை, எரிச்சல். நாற்பது வருடமாக மிளகு ரசம் குடித்தவருக்குத் திடீரென்று ரசம் எரிகிறது என்றால் காரணம் ரசத்தில் இல்லை. அடுத்து வாய் திறப்பது குறையும். சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு நுழைய வேண்டும். நுழையாவிட்டாலோ, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டினால் போதும். மேலே எங்கே அனுப்ப வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தாம்பூலம் வைப்பதும் கொடுப்பதும் வேறு, மெல்லுவது வேறு. தட்டில் வெற்றிலை பாக்கு இருந்துவிட்டுப் போகட்டும். சாப்பிட்ட பிறகு வாய்க்கு எதாவது வேண்டும் என்ற பழக்கத்துக்குச் சோம்பு, ஏலக்காய், கிராம்பு இருக்கின்றன. ‘ஸ்வீட் பீடா’ என்று குல்கந்தும் செர்ரியும் வைத்துத் தருவதிலும் பாக்கு இருக்கிறது; பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ வாங்கினால் ‘பாக்கு வேண்டாம்’ என்று சொல்லி வாங்கலாம், கட்டித் தருவார்கள்.

மது 1988 முதல் முதல் பிரிவில். உடலில் அது அசிட்டால்டிஹைடாக மாறி, செல்களின் மரபணுவைச் சேதப்படுத்துகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் எல்லாம் இதன் வட்டத்துக்குள். பீர், விஸ்கி, சம்சு, கள் என்ற பேதம் அதற்கு இல்லை; கணக்கு ஆல்கஹாலின் கிராமில்தான். 320 மில்லி பீர் டின், 5 விழுக்காடு என்றால், சுமார் 13 கிராம் ஆல்கஹால். பெண்களுக்குத் தினம் 10 கிராமிலிருந்தே மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, குறையக் குறைய நல்லது. மதுவோடு சிகரெட்டோ வெற்றிலைப் பாக்கோ சேர்ந்தால் ஆபத்துகள் கூட்டலாகச் சேராமல் பெருக்கலாகச் சேர்கின்றன.

இறைச்சி: ‘நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை’

சிவப்பு இறைச்சி என்றதும் மாட்டிறைச்சி மட்டும் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் நம்மிடையே அதிகம். ஆட்டிறைச்சியும் சிவப்பு இறைச்சிதான், பன்றியும் அப்படியே. கோழி, மீன் இதில் சேராது. சிவப்பு நிறத்தைத் தரும் ஹீம் என்ற இரும்புச் சேர்மம், குடலுக்குள் நைட்ரோசோ சேர்மங்கள் உருவாவதைத் தூண்டுகிறது. அவை குடற்சுவரின் செல்களைத் தாக்குகின்றன. சிவப்பு இறைச்சி 2ஏ பிரிவில் இருக்கிறது.

அளவு என்ன? உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்வது வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராம் வரை. சமைத்த 500 கிராம் என்பது எலும்பில்லாத பச்சைக் கறியில் 700 முதல் 750 கிராம். ஞாயிற்றுக்கிழமை எலும்போடு ஒரு கிலோ எடுத்து நால்வர் சாப்பிட்டால், எலும்பும் வற்றிப்போகும் நீரும் கழிய, ஒருவருக்குச் சமைத்த கறி சுமார் 125 கிராம்தான் வரும். வாரம் ஒருமுறை என்றால் இதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் கூடச் சாப்பிடுவதும் கணக்கைக் கவிழ்த்துவிடாது.

பதப்படுத்திய இறைச்சியில் இந்தத் தாராளம் கிடையாது. உப்பிட்டு, புகையிட்டு, நைட்ரைட் சேர்த்து நாள்பட வைத்திருப்பவை எல்லாம் இதில் வரும்: சோசேஜ், ஹாம், பேக்கன், டின்னில் வரும் லஞ்சன் மீட். கோழி சோசேஜ் தப்பித்துக்கொள்கிறதா என்றால், கோழியில் ஹீம் குறைவு. ஆனால் வரையறையில் கோழியும் உண்டு, நைட்ரைட்டும் உப்பும் அப்படியே இருக்கின்றன. பள்ளிக்குக் கட்டிக்கொடுக்கும் டப்பாவில் தினம் ஒன்றிரண்டு சோசேஜ் போவதுதான் நம் வீடுகளில் இது நுழையும் முக்கிய வாசல். பாக்கெட்டின் மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 340 கிராமில் பத்து என்றால் ஒன்று 34 கிராம். ஒன்றரை சோசேஜில் 50 கிராம் முடிந்துவிட்டது. லேபிளில் ‘பாஹான் பெங்காவெட்’ (கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள்) என்ற இடத்துக்குப் பக்கத்தில் சோடியம் நைட்ரைட் என்றோ, 249 முதல் 252 வரையிலான எண்ணோ இருந்தால் அதுதான் இது. பதிலுக்கு அவித்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், சாடின் (மத்தி மீன்) சம்பல் வைத்த ரொட்டி. டின் சாடின் பதப்படுத்திய இறைச்சிக் கணக்கில் வராது. உப்பு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நார்ச்சத்து: இல்லாததால் வரும் ஆபத்து

எதைச் சாப்பிடக்கூடாது என்று கேட்பவர்கள் நூறு பேர் என்றால், எதைச் சாப்பிடவில்லை என்று கேட்பவர் ஒருவர். என் கணிப்பில் மலேசியத் தமிழ்ச் சாப்பாட்டின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் போதிய காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை என்று தெரியவந்தது.

நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களால் முடியும். அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. குடற்சுவர் செல்களுக்கு முக்கிய உணவே அதுதான். அதோடு நார்ச்சத்து மலத்தைப் பெருக்கி, வேகமாக நகர்த்தி, மேலே சொன்ன நைட்ரோசோ போன்றவை குடலோடு ஒட்டியிருக்கும் நேரத்தைக் குறைக்கிறது. தினம் 10 கிராம் நார்ச்சத்து கூடினால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 7 விழுக்காடு குறைகிறது. முழுத்தானியம் தினம் 90 கிராம் என்றால் சுமார் 17 விழுக்காடு.

இலக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம். இப்போது நம் தட்டை எடை போடலாம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூட இல்லை. இட்லி, தோசை, ரொட்டி சானாய் எல்லாம் இதே கதை. ‘சாம்பாரில் பருப்பு இருக்கிறதே’ என்பார்கள். நாம் ஊற்றிக்கொள்ளும் சாம்பாரில் தண்ணீர்தான் பெரும்பங்கு. ஆகவே காலையில் தோசை, மதியம் சோறும் குழம்பும் ஒரு கரண்டிப் பொரியலும், இரவு மீ கோரெங் என்று ஓடும் நாளில் 10 கிராம் தேறுவதே கடினம்.

அதே நாளைச் சற்று மாற்றிப் பாருங்கள். காலை இரண்டு ஆட்டா சப்பாத்தி, 7 கிராம். கெட்டிப் பருப்பு அரைக் கப், 7 கிராம். மதியம் சோற்றைப் பாதியாக்கி, கீரை அரைக் கப், பயற்றங்காய்ப் பொரியல் அரைக் கப், இரண்டும் சேர்ந்து 4 கிராம். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கப், 6 கிராம். கொய்யா 100 கிராம், 5 கிராம். 29 கிராம் ஆகிவிட்டது. இதில் எதுவும் வெளிநாட்டு ‘சூப்பர் ஃபூட்’ இல்லை, எல்லாம் சௌகிட் சந்தையில் கிடைப்பவை. ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்பும், வாயு தொல்லை தரும், மூன்றாம் நாளே விட்டுவிடத் தோன்றும். அதனால் வாரத்துக்கு ஒரு மாற்றம், கூடவே தண்ணீர்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செபாரோ’ இருக்கிறது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நாசி கண்டார் கடையில் இதைச் செய்ய, சோறு வைக்கும் முன்பே ‘நாசி செபாரோ, சாயூர் லெபே’ (சோறு பாதி, காய்கறி அதிகம்) என்று சொல்ல வேண்டும். வைத்த பிறகு சொன்னால் காய்கறி மலைக்கு மேல்தான் ஏறும்.

50 வயதைத் தாண்டியவர்கள் சாப்பாட்டை மாற்றுவதோடு நின்றுவிடாமல், அரசாங்க கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். கொஞ்சம் மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதும்.

இடுப்புச் சுற்றளவு

அதிக உடற்கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று 2016-இல் லியோன் நிறுவனம் சொன்னது: மாதவிடாய் நின்ற பிறகான மார்பகப் புற்றுநோய், கருப்பை, பெருங்குடல், சிறுநீரகம், கணையம், கல்லீரல் என்று பட்டியல் போகிறது. கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கிறது, இன்சுலினை உயர்த்துகிறது, மெல்லிய அழற்சியைத் தொடர்ந்து எரியவிடுகிறது. மூன்றுமே செல்களைப் பெருகச் சொல்லும் கட்டளைகள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள்.

ஆசியர்களுக்கான இடுப்புச் சுற்றளவு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பேண்ட் அளவை வைத்துச் சொல்லக்கூடாது, பேண்ட் தொப்பைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

‘சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி’ என்ற பேச்சு இங்கே வந்து நிற்கும். புற்றுநோய்ச் செல்கள் மட்டுமல்ல, உடலின் மற்றச் செல்களும் குளுக்கோஸை எரிக்கின்றன. சர்க்கரையை நிறுத்திக் கட்டியைப் பட்டினி போட முடியாது. சர்க்கரையின் குற்றம் சுற்றுவழியில், எடை வழியாக. ஒரு தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பால் போனால் அது 40 கிராம். அதில் ஏறக்குறைய பாதி, 20 கிராம், சர்க்கரை. மூன்று கிளாஸில் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் மேல்வரம்பு சுமார் 50. ‘குராங் மானிஸ்’ (இனிப்பு குறைவு) முதல் படி, ‘தே ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ) கடைசிப் படி. சூட்டைப் பொறுத்தவரை, 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்க்கு 2ஏ. இழுத்து ஆற்றிய டீயில் இந்தப் பிரச்சினை குறைவு. பிளாஸ்க்கிலிருந்து நேராக வாய்க்குப் போவதுதான் ஆறட்டும்.

மற்றவை, வேகமாக

சாத்தே, தந்தூரி: கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகையும், கருகிய ஓரமும்தான் சிக்கல். கருகியதைக் கிள்ளி எறியுங்கள், அடிக்கடி திருப்புங்கள். மசாலாவில் ஊறவைப்பது அந்த நச்சுகளைக் குறைக்கிறது. மாதம் சில தடவை என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

சீனர் முறை உப்பு மீன் முதல் பிரிவில் உள்ளது, மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்காக. உப்பிடும் முன்பும் உப்பிடும்போதும் மீன் ஓரளவு நொதிக்க விடப்படுவது அதன் தனித்தன்மை. குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. நம் கருவாடு அந்தப் பட்டியலில் பெயரோடு இல்லை. என்றாலும் உப்பிட்டுப் பதப்படுத்திய எதுவும் அடிக்கடி என்றால் வயிற்றுப் புற்றுநோய்க்குத் துணைபோகிறது. வாரம் ஒரு துண்டு தொட்டுக்கொள்ளலாம், தினம் வேண்டாம்.

வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் உருவாகும். கல்லீரல் புற்றுநோய்க்கு இது முதல் பிரிவுக் காரணி, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குப் பன்மடங்கு. வறுத்தாலும் முழுதாக அழியாது. 1988-இல் பேராக்கில் நூடுல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்தபோது அவர்களின் உடலில் கண்டறியப்பட்டது இதே நச்சுதான். நம் ஊர் ஈரக் காற்றில் கடலையையும் மிளகாய்த்தூளையும் கொஞ்சமாக வாங்கி, இறுக்கி மூடிக் குளிர்பெட்டியில் வைப்பது சரி. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது என்றால் குப்பைக்கு. கழுவி உபயோகிப்பது வீண்.

அஜினமோட்டோ புற்றுநோய் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2023-இல் 2பி பட்டியலில் வந்த அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டிக்கு அனுமதித்த அளவு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 70 கிலோ ஆள் அதைத் தாண்ட ஒரு நாளில் ஒன்பது டயட் கோலாவுக்கு மேல் குடிக்க வேண்டும்.

மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். மஞ்சளிலிருந்து பிரித்து மாத்திரையில் வரும் செறிவூட்டிய குர்குமின் வேறு பொருள். கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் உண்டு. மாத்திரைகளை நம்பக்கூடாது என்பதற்கு நல்ல பாடம் பின்லாந்திலிருந்து வந்தது: காரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைப் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது 18 விழுக்காடு கூடியிருந்தது. டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயத்துக்கு மனிதரிடம் புற்றுநோயைக் குணப்படுத்திய ஆதாரம் கிடையாது. அந்தத் தாவரத்தில் உள்ள அனோனாசின் நரம்பு செல்களுக்கு நஞ்சு.

இவ்வளவும் நோய் வராதவர்களுக்கான பேச்சு. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இதே விதிகளைத் திணிப்பது தவறு, அடிக்கடி நடக்கும் தவறும்கூட: சொந்தக்காரர்கள் வந்து முட்டையை நிறுத்து, கோழியை நிறுத்து, பாலை நிறுத்து என்று சொல்லிப் போவார்கள், நோயாளி மெலிந்துபோவார், அடுத்த சுற்று மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும். அந்த நாட்களில் வேண்டியது புரதமும் கலோரியும். குழைந்த சோற்றில் நெய்யும் பருப்பும், நன்றாக வேகவைத்த முட்டை, மீன், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57-க்கு வந்துவிட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல், மருத்துவமனையின் உணவியல் நிபுணரைப் பார்க்கக் கேளுங்கள்.